கொரியப் படத்தைப் படிப்பது எப்படி: வீடு, வினைமுற்று, ஆண்டு

2020 பிப்ரவரியில் போங் ஜூன்-ஹோவின் ‘பாரசைட்’ நான்கு ஆஸ்கர் விருதுகளை வென்றபோது, தமிழ்நாட்டில் அதைப் பற்றி எழுந்த பேச்சில் பெரும்பகுதி ஒரே கேள்வியைச் சுற்றி வந்தது: இது 1999இல் வெளிவந்த ‘மின்சார கண்ணா’வின் கதைதானே? உறவை மறைத்துக்கொண்டு ஒரு குடும்பம் முழுவதும் ஒரு பணக்கார வீட்டில் வேலைக்குச் சேர்வது இரண்டு படங்களிலும் உண்டு என்பது உண்மைதான்; வழக்குத் தொடுக்கப்போவதாக அந்தத் தமிழ்ப் படத்தின் தயாரிப்பாளர் அறிவிக்கும் அளவுக்குப் பேச்சு முற்றியது. கதையை மட்டும் பிரித்தெடுத்துப் பார்த்தால் அந்த ஒற்றுமை கண்ணில் படும். ஆனால் அந்தக் கொரியக் குடும்பம் குடியிருக்கும் வீட்டின் சன்னல் ஏன் தெருவின் தரைமட்டத்தில் இருக்கிறது என்று ஒருவர் கேட்டுவிட்டால், ஒற்றுமை அந்த இடத்திலேயே முடிந்துபோகும்.

இந்த வழிகாட்டி அப்படிப்பட்ட கேள்விகளைக் கேட்கப் பழகுவதற்காக எழுதப்படுகிறது. சமகாலக் கொரியப் படங்கள் தம் சமூகச் சிந்தனையை வசனமாகப் பேசுவது குறைவு. அதை வீட்டின் தளத்திலும், வினைச்சொல்லின் முடிவிலும், கதை நடக்கும் ஆண்டிலும் வைத்துவிட்டு மேலே சென்றுவிடுகின்றன. கொரியர்களுக்கு அது போதும், ஏனென்றால் அந்த வீடும் மொழியும் நாள்காட்டியும் அவர்களுடையவை. வெளியிலிருந்து பார்க்கும் நாம்தான் கொஞ்சம் உழைக்க வேண்டியிருக்கிறது. நான்கைந்து கொரியத் திகில் படங்களை ஆங்கிலத் துணைவரிகளோடு பார்த்துவிட்டு, இவற்றில் இன்னும் ஏதோ இருக்கிறது, பிடிபடவில்லையே என்று எண்ணியிருக்கும் ஒருவரை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். கதைகளின் சில திருப்பங்களைச் சொல்லாமல் இதை எழுத முடியாது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

படி 1: துப்பறியும் படம் ஒன்றில் தொடங்குங்கள்

பழிவாங்கும் படங்களின் பட்டியல் ஒன்றை எடுத்துவைத்துக்கொண்டு தொடங்குவது பலரும் செய்வது. அது கொரிய சினிமாவின் இரத்தத்தை மட்டும் காட்டும். அதே விறுவிறுப்போடு நாட்டையும் காட்டும் படம் போங் ஜூன்-ஹோவின் ‘மெமரீஸ் ஆஃப் மர்டர்’, 2003இல் வந்தது. 1986க்கும் 1991க்கும் இடையில் ஹ்வாசொங் என்னும் ஊர்ப்புறத்தில் பெண்கள் தொடர்ந்து கொல்லப்பட்ட உண்மை நிகழ்வுகளை அது எடுத்துக்கொள்கிறது.

முதல் முறை பார்க்கும்போது கொலையாளி யார் என்ற கேள்வியே உங்களை இழுத்துச் செல்லும், செல்லட்டும். இரண்டாம் முறை பார்க்கும்போது காவலர்களை மட்டும் கவனியுங்கள். மனவளர்ச்சி குன்றிய ஓர் இளைஞனை அடித்து அவன் வாயில் வாக்குமூலத்தை ஊட்டுகிறார்கள். இன்றிரவு கொலை நடக்கலாம் என்று தெரிந்து கூடுதல் படை கேட்கும்போது, படை முழுவதும் ஆர்ப்பாட்டத்தை அடக்கப் போயிருக்கிறது என்ற பதில் வருகிறது. போர்க்காலப் பயிற்சிக்காக ஊர் முழுவதும் விளக்கை அணைத்துக் கதவைச் சாத்திக்கொள்ளும் நேரத்தில், அந்த இருட்டில், ஒரு சிறுமி கொல்லப்படுகிறாள். இராணுவ ஆட்சி தன் மக்களுக்கு எதிராகத் தன் வலிமை முழுவதையும் திருப்பியிருந்ததால் அவர்களைக் காப்பாற்ற ஆள் இல்லாமல் போயிற்று என்பதைப் படம் ஒருமுறைகூட வாய்விட்டுச் சொல்வதில்லை.

2019இல் மரபணுச் சோதனை உண்மைக் கொலையாளியை அடையாளம் காட்டியது. வேறொரு கொலைக்காக அவர் ஏற்கெனவே சிறையில் இருந்தார். அந்தத் தொடரில் ஒரு கொலைக்காகத் தண்டிக்கப்பட்டு 20 ஆண்டுகள் சிறையில் கழித்த இன்னொருவர் 2020 டிசம்பரில் குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டார். படத்தில் வரும் அந்த இளைஞனின் வாக்குமூலக் காட்சியை இதைத் தெரிந்துகொண்டு மறுபடி பாருங்கள். முதல் முறை அரங்கில் சிரிப்பை வரவழைத்த காட்சி அது.

படி 2: ஒவ்வொருவரும் எந்தத் தளத்தில் தூங்குகிறார் என்று குறியுங்கள்

‘பாரசைட்’ படத்துக்கு இப்போது வரலாம். ஒரு தாளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு பாத்திரமும் தரைக்கு எவ்வளவு மேலே அல்லது கீழே வாழ்கிறது என்று குறித்துக்கொண்டே பாருங்கள். பணக்கார வீட்டில் வேலைக்குச் சேரும் கிம் குடும்பத்தின் வீட்டைக் கொரியர்கள் ‘பன்ஜிஹா’ என்பார்கள். பாதி நிலத்துக்கு அடியில், பாதி மேலே. 1968 ஜனவரியில் வடகொரியக் கமாண்டோக்கள் 31 பேர் தென்கொரியத் தலைநகர் சோலுக்குள் ஊடுருவி அதிபர் மாளிகையை நெருங்கிவிட்டார்கள். அந்த அச்சத்தின் தொடர்ச்சியாக 1970இல் கட்டடச் சட்டம் திருத்தப்பட்டது. போர் மூண்டால் பதுங்குவதற்கு உதவும் என்று, புதிய கட்டடங்களுக்கு நிலவறை கட்டாயமாக்கப்பட்டது. அங்கே ஆட்களைக் குடிவைப்பது தொடக்கத்தில் சட்டத்துக்குப் புறம்பானது. ஆனால் கிராமங்களிலிருந்து தலைநகருக்கு வந்து குவிந்தவர்களுக்கு வீடு போதவில்லை. 1980களில் அரசே விதிகளைத் தளர்த்தி அதை வீடாக ஏற்றுக்கொண்டது. வடக்கைக் கண்டு அஞ்சிக் கட்டிய பதுங்கறையில் தெற்கின் ஏழைகள் குடியேறினார்கள். பணக்கார வீட்டின் அடியில் ஒளிந்திருக்கும் பதுங்கறையும் அதே அச்சத்தில் பிறந்ததுதான் என்பதைப் படம் போகிறபோக்கில் சொல்லிச் செல்கிறது. அதைத் தவறவிட்டவர்கள் பலர்.

கழிப்பறை ஏன் மேடைபோல உயரத்தில், தலை கூரையில் இடிக்கும் நிலையில் இருக்கிறது என்பதையும் பாருங்கள். வீடு தெருச் சாக்கடையைவிடத் தாழ்ந்திருப்பதால், கழிவு வெளியேற வேண்டுமானால் கழிப்பறையை உயர்த்தியே ஆக வேண்டும். மழை இரவில் அந்தக் கழிவே திரும்பி வந்து பீறிடுகிறது. அந்த இரவில் தந்தையும் பிள்ளைகளும் பணக்கார வீட்டிலிருந்து ஓடிவரும் நீண்ட காட்சியில், படிக்கட்டுக்குப் பின் படிக்கட்டாக இறங்கிக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களோடு மழைநீரும் இறங்கி வருகிறது. கற்பனை என்று இதை ஒதுக்கிவிட வேண்டாம். 2022 ஆகஸ்டில் சோலில் கொட்டிய பெருமழையில், சில்லிம்-டோங் பகுதியில் இப்படிப்பட்ட ஒரு வீட்டுக்குள் வெள்ளம் புகுந்து ஒரே குடும்பத்தின் மூவர் இறந்தனர். அதன் பிறகே இவ்வகை வீடுகளைப் படிப்படியாக ஒழிக்கப்போவதாக நகர நிர்வாகம் அறிவித்தது.

உயரம் என்றால் செல்வம், பள்ளம் என்றால் வறுமை என்று எல்லாப் படத்துக்கும் ஒரே கணக்குப் போட்டுவிடக் கூடாது. குன்றின் உச்சியில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஏழைக் குடியிருப்புகளுக்குக் கொரிய மொழியில் ‘நிலவுக் கிராமம்’ என்று பெயர். நிலவுக்கு அருகில் இருப்பதால் அந்தப் பெயர். மொட்டைமாடியில் எழுப்பிய அறையில் வாழ்பவரும் ஏழைதான். நிலவறை, மொட்டைமாடி அறை, தேர்வுக்குப் படிப்பவர்களுக்காகத் தொடங்கி இன்று கூலிக்காரர்களின் புகலிடமாகிவிட்ட ஒற்றைக்கட்டில் அறை ஆகிய மூன்றின் கொரியப் பெயர்களிலிருந்தும் ஒவ்வொரு அசையை எடுத்து இளைஞர்கள் ‘ஜி-ஒக்-கோ’ என்று ஒரு சொல்லை உருவாக்கியிருக்கிறார்கள். ‘ஜிஒக்’ என்றால் நரகம்.

இன்னொரு சொல்லும் தேவை: ‘ஜொன்ஸே’. வீட்டின் விலையில் பாதிக்கும் மேலான தொகையை மொத்தமாக உரிமையாளரிடம் கொடுத்துவிட்டு, மாத வாடகை இல்லாமல் குடியிருந்து, ஒப்பந்தம் முடியும்போது அதைத் திரும்பப் பெறும் முறை இது. ஆங்கில விமர்சகர்கள் இதை விளக்கப் பத்தி பத்தியாக எழுதுவார்கள். நமக்கு ‘ஒத்திக்கு வீடு எடுப்பது’ என்றால் முடிந்தது. உரிமையாளர் பணத்தைத் திருப்பித் தராவிட்டால் என்ன ஆகும் என்பதையும் நாம் அறிவோம்.

இவற்றைத் தெரிந்துகொண்ட பின் இரண்டு படங்களைப் பாருங்கள். ஜொன் கோ-வூன் இயக்கிய ‘மைக்ரோஹாபிடட்’ (2017) படத்தில், வீட்டுவேலை செய்து பிழைக்கும் மிசோ என்ற பெண், 2015 புத்தாண்டில் சிகரெட் விலை 2,500 வோனிலிருந்து 4,500 வோனாக உயர்ந்து, வாடகையும் உயர்ந்ததும், கணக்குப் புத்தகத்தைத் திறந்துவைத்து யோசிக்கிறாள். சிகரெட்டையும் ஒரு குவளை விஸ்கியையும் வைத்துக்கொண்டு வீட்டைக் கைவிட முடிவு செய்கிறாள். பிறகு ஒவ்வோர் இரவும் பழைய இசைக்குழு நண்பர்களின் வீட்டுக் கதவைத் தட்டுகிறாள். வீடு உள்ள ஒவ்வொருவரும் அந்த வீட்டுக்காக எதை இழந்தார் என்பது தெரியவருகிறது. ‘பாரசைட்’ அளவுக்குப் பேசப்படாத இந்தச் சிறிய படத்தை நான் அதற்குச் சற்றும் குறைத்து மதிப்பிடமாட்டேன். ஊம் டே-ஹ்வாவின் ‘கான்கிரீட் யுடோபியா’ (2023) வேறு வகை: நிலநடுக்கத்தில் சோல் முழுவதும் இடிந்துவிட, ஓர் அடுக்குமாடிக் கட்டடம் மட்டும் நிற்கிறது, உள்ளே இருப்பவர்கள் வெளியாட்களை விரட்டத் தொடங்குகிறார்கள். கொரியக் குடும்பங்களில் பாதிக்கும் மேற்பட்டவை அடுக்குமாடிகளில் வாழும் நாட்டில், ‘நீ எந்தக் குடியிருப்பு’ என்ற கேள்வி சாதி கேட்பதற்கு எவ்வளவு அருகில் வந்துவிட்டது என்பதை அது கூச்சமின்றிக் காட்டுகிறது.

படி 3: வினைமுற்றைக் கேளுங்கள்

இந்தப் படியில் தமிழ் வாசகருக்கு ஒரு சலுகை உண்டு. கொரிய மொழியில் ‘அப்பா’ என்ற சொல் இருப்பதைச் சொல்லவில்லை. அதைக் கேட்டுப் புல்லரித்துப்போய் இரண்டு மொழிகளுக்கும் உறவு கண்டுபிடிக்கும் உற்சாகம் நம்மிடம் தேவைக்கு மேலாகவே இருக்கிறது. நான் சொல்வது மரியாதையைப் பற்றி. கொரியப் பேச்சில் வினைச்சொல்லின் முடிவை வைத்தே, பேசுபவர் கேட்பவரை எங்கே நிறுத்துகிறார் என்று தெரிந்துவிடும். பணிவுப் பேச்சை ‘ஜோன்டேமால்’ என்றும், நெருக்கமான அல்லது தாழ்த்தும் பேச்சைப் ‘பன்மால்’ என்றும் சொல்வார்கள். ‘வா’, ‘வாங்க’ என்பதன் வேறுபாட்டில் வளர்ந்த காதுக்கு இதைப் புரிந்துகொள்ள விளக்கம் வேண்டியதில்லை. ஆங்கிலத் துணைவரிகளில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன.

ஆகவே பயிற்சி இதுதான்: ஏற்கெனவே பார்த்த படம் ஒன்றில் பத்து நிமிடக் காட்சியைத் துணைவரி இல்லாமல் பாருங்கள். வாக்கியங்கள் ‘யோ’ என்றோ ‘நிதா’ என்றோ முடிந்தால் பணிவு. அது அறுந்து நின்றால் பன்மால். பெயருக்குப் பின் ‘நிம்’ வந்தால் மதிப்பு, உதாரணமாகச் ‘சாஜங்நிம்’ என்றால் முதலாளி அவர்கள். ஒரே காட்சிக்குள் இந்த முடிவு மாறும் இடத்தைப் பிடித்துவிட்டால், அங்கேதான் அதிகாரம் கைமாறியிருக்கும்.

‘பாரசைட்’ படத்தில் வேலையிழந்த பணிப்பெண் மழையில் திரும்பி வந்து, தன் இடத்தைப் பிடித்தவளை ‘அக்கா’ என்னும் பொருள்படும் சொல்லால் அழைத்துக் கெஞ்சுகிறாள். நாமெல்லாம் ஒரே நிலையில் இருப்பவர்கள்தானே என்பது அந்த அழைப்பின் உட்பொருள். மற்றவள் அந்த உறவைத் துச்சமாக மறுக்கிறாள். சில நிமிடங்களில் கைப்பேசியில் பதிவான ஒரு காணொளி நிலைமையைப் புரட்டிப்போட, பணிவு யாருடைய வாயிலிருந்து யாருடைய வாய்க்குத் தாவுகிறது என்று கேளுங்கள். முதலாளி பார்க்கைப் பொறுத்தவரை, ஓட்டுநரிடம் நேரில் பேசும்போது கண்ணியமாகவே பேசுகிறார். வீட்டில் மனைவியிடம் அவரைப் பற்றிப் பேசும் தொனி வேறு. எல்லை தாண்டாதவர் என்று ஓட்டுநரைப் பாராட்டுகிற அதே மூச்சில், அவருடைய வாடைதான் எல்லையைத் தாண்டுகிறது என்கிறார். இங்கே மரியாதைப் பேச்சே வேலியாக நிற்கிறது.

பார்க் சான்-வூக்கின் ‘டிசிஷன் டு லீவ்’ (2022) இதை மேலும் நுட்பமாகக் கையாள்கிறது. சீனாவிலிருந்து வந்த நாயகி கொரிய மொழியைத் தொலைக்காட்சியின் சரித்திரத் தொடர்களிலிருந்து கற்றுக்கொண்டவள். அதனால் காவல்துறை விசாரணையில் யாரும் அன்றாடம் பேசாத பழைய சொற்களைப் பயன்படுத்துகிறாள். சென்னைக் காவல் நிலையம் ஒன்றில் ஒரு வடமாநிலப் பெண் ‘இறுதியில் அவர் மாண்டார்’ என்று சொல்வதைக் கற்பனை செய்துகொண்டால், துப்பறிவாளர் ஏன் ஒரு கணம் திகைத்து நிமிர்கிறார் என்பது விளங்கும். மனத்தின் அடியிலிருந்து பேச வேண்டிய நேரத்தில் அவள் சீனத்துக்கு மாறிவிடுகிறாள். கைப்பேசியின் இயந்திரக் குரல் அவள் காதலை மொழிபெயர்க்கிறது.

படி 4: ஐந்து ஆண்டுகளை மனப்பாடம் செய்யுங்கள்

1979, 1980, 1987, 1997, 2014. இந்த ஐந்தும் தெரியாமல் கொரியப் படம் பார்ப்பது, 1975உம் 1983உம் தெரியாமல் நெருக்கடி நிலையையும் ஈழத்தையும் பற்றிய கதைகளைப் படிப்பதற்குச் சமம்.

இவற்றில் முதலிரண்டையும் 1987ஐயும் காட்டும் மூன்று படங்களை, வந்த வரிசையில் அல்லாமல் கதை நடக்கும் வரிசையில் பாருங்கள். கிம் சொங்-சூவின் ‘12.12: தி டே’ (2023), சர்வாதிகாரி பார்க் சுங்-ஹீ கொல்லப்பட்ட பின், 1979 டிசம்பர் 12 இரவில் சுன் டூ-ஹ்வான் தலைமையிலான இராணுவக் குழு ஆட்சியைக் கைப்பற்றத் தொடங்கியதைச் சொல்கிறது. ‘எ டாக்ஸி டிரைவர்’ (2017), 1980 மே 18 முதல் 27 வரை குவாங்ஜு நகரில் நடந்த எழுச்சியையும் படுகொலையையும், அதைப் படம்பிடித்து உலகுக்குக் கொண்டுசென்ற ஜெர்மானியப் பத்திரிகையாளர் யூர்கன் ஹின்ஸ்பீட்டரையும் பற்றியது. ‘1987: வென் தி டே கம்ஸ்’ (2017), பார்க் ஜோங்-சொல் என்ற மாணவர் காவலில் நீரில் முக்கிச் சித்திரவதை செய்யப்பட்டு இறந்ததில் தொடங்கி ஜூன் மாதப் பேரெழுச்சியில் முடிகிறது. மேசையை ஓங்கித் தட்டினோம், பையன் செத்துவிட்டான் என்று காவல்துறை அளித்த விளக்கம் கற்பனை இல்லை, உண்மையில் சொல்லப்பட்டது.

ஆனால் இவற்றை வரலாற்றுப் பாடநூலாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ‘எ டாக்ஸி டிரைவர்’ படத்தில் வரும் ஓட்டுநர், அரசியல் அறியாத, வாடகை பாக்கி வைத்திருக்கும் அப்பாவி. படம் வெளிவந்த பின் உண்மை ஓட்டுநரின் மகன் முன்வந்து சொன்ன விவரங்களின்படி, அவர் தந்தை ஆங்கிலம் தெரிந்த ஹோட்டல் டாக்ஸி ஓட்டுநர், 1984இலேயே இறந்துவிட்டார். ஏதும் அறியாத சாமானியன் கண் திறக்கும் கதை மக்களுக்குப் பிடித்தமானது என்பதால் படம் அதைத் தேர்ந்தெடுத்தது; 1.2 கோடிக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள். (கொரியாவில் வெற்றியை வசூலால் அளப்பதைவிட நுழைவுச்சீட்டு எண்ணிக்கையால் அளப்பதே வழக்கம். சுமார் ஐந்து கோடி மக்கள் வாழும் நாட்டில் ஒரு கோடி என்பது அளவுகோல்.)

இந்த மூன்றையும்விட ஆழமானது லீ சாங்-டோங்கின் ‘பெப்பர்மிண்ட் கேண்டி’. அது 2000 ஜனவரி முதல் நாள் திரையரங்குகளுக்கு வந்தது. 1999இல் இரயில் பாதையில் நின்று ‘நான் திரும்பிப் போகிறேன்’ என்று அலறும் ஒரு மனிதனில் தொடங்கி, ஏழு பகுதிகளாகப் பின்னோக்கிச் செல்கிறது: 1997இன் பொருளாதார வீழ்ச்சியில் நொடித்த வணிகர், 1987இல் மாணவர்களை வதைக்கும் காவலர், 1980இல் குவாங்ஜுவுக்கு அனுப்பப்பட்ட பயந்த சிப்பாய், 1979இல் ஆற்றங்கரையில் காட்டுப்பூவைப் பார்த்துக்கொண்டிருக்கும் இளைஞன். நல்லவர்களும் கெட்டவர்களும் என்ற பிரிவினை இங்கே வேலை செய்வதில்லை. சித்திரவதை செய்தவனுக்கு ஒரு இளமை இருந்தது என்று காட்டுவது அவனை மன்னிப்பதாகாது. அவனை உருவாக்கியது எது என்று கேட்பது அது. இந்த இயக்குநர் 2003இல் நாட்டின் பண்பாட்டு அமைச்சராகவும் ஆனார் என்பது ஒரு வியப்பான உபசெய்தி.

1997ஐப் பற்றிச் சற்று விளக்க வேண்டும். அந்த ஆண்டின் இறுதியில் அந்நியச் செலாவணி தீர்ந்து, நாடு சர்வதேச நாணய நிதியத்திடம் கையேந்தியது. கொரியர்கள் அந்த நெருக்கடியை இன்றும் ‘ஐஎம்எஃப்’ என்றே குறிப்பிடுகிறார்கள். ஐஎம்எஃப் காலத்தில் அப்பாவுக்கு வேலை போயிற்று என்பதுபோல. வாழ்நாள் வேலை என்ற நம்பிக்கை அத்தோடு உடைந்தது. வேலை போனவர்கள் கோழி வறுவல் கடையும் கேக் கடையும் போட்டு, அவையும் நொடித்துப்போன கதையே ‘பாரசைட்’ படத்தின் இரண்டு ஏழைக் கணவர்களின் பின்னணி. பார்க் சான்-வூக்கின் ‘நோ அதர் சாய்ஸ்’ (2025), காகித ஆலையிலிருந்து நீக்கப்பட்ட ஒருவர் போட்டியாளர்களைக் கொன்றாவது மீண்டும் வேலை பெற முனைவதை அவல நகைச்சுவையாக்கும்போது, அந்த உடைவு இன்னும் ஆறவில்லை என்று தெரிகிறது. 2014 ஏப்ரல் 16இல் செவோல் கப்பல் கவிழ்ந்து 304 பேர் இறந்தனர். பெரும்பாலோர் சுற்றுலா சென்ற பள்ளி மாணவர்கள். அசையாமல் இருங்கள் என்ற அறிவிப்பைக் கேட்டு இருந்தவர்கள். அதன் பிறகு வந்த பேரிடர்ப் படங்களில் அதிகாரியின் குரல் ஒலிபெருக்கியில் கேட்கும்போதெல்லாம் கொரியப் பார்வையாளர் எதை நினைப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை.

2024 டிசம்பர் 3 இரவில் அதிபர் யூன் சொக்-யோல் இராணுவச் சட்டத்தை அறிவித்தபோது, முந்தைய ஆண்டின் இறுதியில் வெளிவந்த ‘12.12’ படத்தை 1.3 கோடிக்கும் மேற்பட்டோர் பார்த்திருந்தார்கள். நள்ளிரவில் மக்கள் நாடாளுமன்ற வாயிலில் திரண்டார்கள். உறுப்பினர்கள் சுவரேறிக் குதித்து உள்ளே சென்று அதை ரத்து செய்ய வாக்களித்தார்கள். சுமார் ஆறு மணி நேரத்தில் அது விலக்கிக்கொள்ளப்பட்டது. படம்தான் இதைச் செய்தது என்று சொன்னால் அது மிகை. அந்த ஆறு மணி நேரத்தில் என்ன நடக்கக்கூடும் என்பதற்கு அவர்களிடம் அண்மையில் பார்த்த ஒரு சித்திரம் இருந்தது என்று மட்டும் சொல்லலாம்.

படி 5: படம் முடிந்த பின் சட்டப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள்

‘ஸ்க்விட் கேம்’ தொடரால் உலகப் புகழ் பெற்ற ஹ்வாங் டோங்-ஹ்யூக், 2011இல் ‘சைலன்ஸ்டு’ என்ற படத்தை இயக்கினார். குவாங்ஜுவில் செவித்திறன் அற்ற குழந்தைகளுக்கான பள்ளி ஒன்றில் நடந்த பாலியல் வன்கொடுமைகளும், குற்றவாளிகள் இலேசான தண்டனையோடு தப்பியதும் அதன் பொருள். செப்டம்பரில் படம் வெளியானது. அக்டோபர் முடிவதற்குள், மாற்றுத்திறனாளிகளுக்கும் 13 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் எதிரான பாலியல் குற்றங்களுக்குக் காலவரம்பை நீக்கும் சட்டத்திருத்தம் நிறைவேறியது. படத்தின் கொரியப் பெயரைக் கொண்டே அதைத் ‘தொகானி சட்டம்’ என்கிறார்கள். மூலமான கொங் ஜி-யங்கின் நாவல் 2009இலேயே வந்துவிட்டது.

ஜுலை ஜங்கின் ‘நெக்ஸ்ட் சோஹீ’ (2022) இந்த வரிசையில் என் மதிப்பில் உயர்ந்தது. தொழிற்கல்வி மாணவி ஒருத்தி ‘களப்பயிற்சி’ என்ற பெயரில் வாடிக்கையாளர் அழைப்பு மையத்துக்கு அனுப்பப்படுகிறாள். இணைய இணைப்பை ரத்து செய்யக் கோருபவர்களைப் பேசித் தடுப்பது வேலை. திட்டு வாங்கிக்கொண்டே எழுதிக்கொடுத்த பணிவுப் பேச்சைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். மூன்றாம் படியில் கற்ற காதோடு அந்தக் காட்சிகளைக் கேளுங்கள். படத்தின் பாதியில் அவள் இறந்துவிடுகிறாள். மறுபாதி, பே டூனா நடிக்கும் துப்பறிவாளர் ஒவ்வோர் அலுவலகமாக ஏறி இறங்குவது. நிறுவனத்தில், பள்ளியில், கல்வித் துறையில், எங்கு போனாலும் சுவரில் ஓர் எண் பட்டியல்: இத்தனை பேரைத் தடுத்தார், இத்தனை பேருக்கு வேலை கிடைத்தது. ஒவ்வொரு பட்டியலும் மேலே இருப்பவரின் பட்டியலைக் கைகாட்டுகிறது. வில்லன் என்று ஒருவரைக் கொடுத்து நம்மை வீட்டுக்கு நிம்மதியாக அனுப்பிவைக்கப் படம் மறுக்கிறது. 2017இல் ஜொன்ஜு நகரில் நடந்த உண்மைச் சம்பவத்தைத் தழுவிய இப்படம் கொரியாவில் 2023 பிப்ரவரியில் திரைக்கு வந்தது. மார்ச்சில் களப்பயிற்சி மாணவர்களைப் பாதுகாக்கும் சட்டத்திருத்தம் நிறைவேறியது.

படி 6: வீட்டுக்குள் இருக்கும் பெண்ணைத் தேடுங்கள்

உலகப் புகழ் பெற்ற கொரிய இயக்குநர்கள் பெரும்பாலும் ஆண்கள்; அவர்கள் படங்களில் பெண்கள் அடிக்கடி பிணமாகவே அறிமுகமாகிறார்கள். மேலே நான் புகழ்ந்த ‘மெமரீஸ் ஆஃப் மர்டர்’ படமும் இதற்கு விலக்கில்லை. ஆகவே இந்தப் படியைத் தனியாக வைக்கிறேன்.

கிம் போராவின் ‘ஹவுஸ் ஆஃப் ஹம்மிங்பேர்ட்’ 1994இல் நடக்கிறது. பெற்றோர் அரிசிக் கேக் கடை நடத்துகிறார்கள். அண்ணனைப் பெரிய பல்கலைக்கழகத்துக்கு அனுப்புவதே குடும்பத்தின் இலட்சியம். அந்த அண்ணன் பதினான்கு வயது உன்-ஹீயை அடிக்கிறான், சாப்பாட்டு மேசையில் அவள் அதைச் சொன்னால் ‘சண்டை போடாதீர்கள்’ என்று பதில் வருகிறது. அந்த ஆண்டு அக்டோபர் 21 காலையில் சோலில் ஹான் ஆற்றின் மேலிருந்த சொங்சு பாலம் இடிந்து 32 பேர் இறந்தார்கள். விரைவாக வளர்ந்த நாட்டின் பாலமும், அதே விரைவில் பிள்ளைகளை வளர்த்த வீடும் எங்கே விரிசல் விட்டன என்பதைப் படம் அடுத்தடுத்து வைக்கிறது, ஒன்றை மற்றொன்றுக்கு உவமையாக்காமல்.

சோ நம்-ஜூவின் 2016ஆம் ஆண்டு நாவலைத் தழுவிய ‘கிம் ஜி-யங்: பார்ன் 1982’ (2019) கலையாக அவ்வளவு உயரவில்லை என்பது என் கருத்து, நாவலின் கூர்மையைக் குடும்பப் பாசத்தில் தோய்த்து மழுங்கச் செய்துவிட்டது. ஆனால் அதைச் சுற்றி எழுந்த சண்டைக்காகவே பார்க்க வேண்டும். வெளியாவதற்கு முன்பே இணையத்தில் குறைந்தபட்ச மதிப்பெண் வாரி வழங்கப்பட்டது. நடிக்க ஒப்புக்கொண்டதற்காகவே நாயகி வசைபாடப்பட்டார். வேலையை விட்டுக் குழந்தை வளர்க்கும் ஒரு பெண் களைப்படைகிறாள் என்பதற்கு மேல் படத்தில் பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை. 2023இல் ஒரு பெண்ணுக்கு 0.72 குழந்தை என்று பிறப்பு வீதம் வீழ்ந்துவிட்ட நாட்டில் அவ்வளவு சிறிய செய்திக்கு எழுந்த கோபத்தின் அளவுதான் கவனிக்கத்தக்கது.

படி 7: அடையாள எண்ணைப் பாருங்கள்

பார்க் ஜங்-பம் தானே இயக்கி நடித்த ‘தி ஜர்னல்ஸ் ஆஃப் முசான்’ (2010), வடகொரியாவிலிருந்து தப்பி வந்த ஒருவர் சோல் தெருக்களில் விளம்பரத் தாள் ஒட்டிப் பிழைப்பதைக் காட்டுகிறது. அவருடைய குடியுரிமை எண்ணில் வரும் 125 என்ற இலக்கங்களைக் கண்டதும் வேலை கொடுப்பவர் அவர் யார் என்று தெரிந்துகொள்கிறார். ஒரே மொழி, ஒரே முகம். மூன்று இலக்கங்கள் மட்டும் வேறு. வங்கதேசத் தொழிலாளி ஒருவருக்கும் பள்ளி மாணவி ஒருத்திக்கும் இடையிலான நட்பைச் சொல்லும் ‘பாந்தோபி’ (2009) கிடைத்தால் அதையும் பாருங்கள். இலங்கையிலிருந்தும் பல்லாயிரம் பேர், வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கான கொரிய அரசின் அனுமதித் திட்டத்தின் கீழ், கொரியத் தொழிற்சாலைகளுக்குச் சென்றிருக்கிறார்கள். அவர்களைப் பற்றிய படம் ஒன்று இன்னும் என் கண்ணில் படவில்லை.

படி 8: பணம் யாருடையது என்று கேளுங்கள்

இவ்வளவு கடுமையான படங்கள் எப்படி எடுக்கப்படுகின்றன என்ற கேள்விக்கு ஒரு பதில் 1996இல் இருக்கிறது: திரைப்படத்துக்கான முன்தணிக்கை அரசியலமைப்புக்கு முரணானது என்று அரசியலமைப்பு நீதிமன்றம் அந்த ஆண்டு தீர்ப்பளித்தது. புசான் திரைப்பட விழாவும் அதே ஆண்டில் தொடங்கியது. கொரியப் படங்களைக் குறிப்பிட்ட நாட்களுக்குத் திரையிட்டே ஆக வேண்டும் என்ற ஒதுக்கீடு உள்ளூர்த் தொழிலைக் காத்தது; அமெரிக்காவுடனான வணிக ஒப்பந்தப் பேச்சின்போது 2006இல் அது 146 நாட்களிலிருந்து 73ஆகக் குறைக்கப்பட்டு, நடிகர்களும் இயக்குநர்களும் தெருவில் இறங்கினார்கள்.

இன்னொரு பதில் அவ்வளவு இனிமையானதாக இல்லை. பெரிய தயாரிப்பும் விநியோகமும் திரையரங்குகளும் சிஜே, லொட்டே போன்ற ஒரு சில பெருநிறுவனக் குழுமங்களிடம் குவிந்திருக்கின்றன. வர்க்க வேறுபாட்டைக் கிழித்துக் காட்டிய ‘பாரசைட்’ சிஜே குழுமத்தின் பணத்தில் வந்தது. ஆஸ்கர் மேடையில் அக்குழுமத்தின் துணைத்தலைவரும் நின்று நன்றி சொன்னார். அதிபர் பார்க் கன்-ஹேயின் ஆட்சியில் கலைஞர்களின் கறுப்புப் பட்டியல் ஒன்று தயாரிக்கப்பட்டு 2016இல் அம்பலமானது. போங் ஜூன்-ஹோ, பார்க் சான்-வூக், நடிகர் சொங் காங்-ஹோ பெயர்கள் அதில் இருந்தன. அரசு ஒதுக்கிய ஆளைச் சந்தை தாங்கிப் பிடித்தது. சந்தை கைவிட்டால் யார் தாங்குவார் என்பது, 2019இல் 22 கோடியைத் தாண்டியிருந்த நுழைவுச்சீட்டு எண்ணிக்கை மறு ஆண்டு 6 கோடிக்கும் கீழே சரிந்து, இன்னும் பழைய நிலைக்கு மீளாத நிலையில், கொரிய இயக்குநர்களை இன்று உறுத்தும் கேள்வி. பழைய படங்களுக்குப் போக விரும்புபவர்கள், கொரியத் திரைப்பட ஆவணக் காப்பகம் யூடியூபில் இலவசமாக வைத்திருக்கும் தொகுப்பில் ‘தி ஹவுஸ்மெய்ட்’ (1960) படத்தைத் தேடலாம். ‘பாரசைட்’ படிக்கட்டுகளின் பாட்டி அங்கே இருக்கிறாள்.

படி 9: ‘பாரசைட்’ படத்தின் முதல் காட்சியையும் கடைசிக் காட்சியையும் அடுத்தடுத்துப் பாருங்கள்

முதல் காட்சியில் பன்ஜிஹா சன்னலோரம் காலுறைகள் காய்கின்றன, வெயில் விழுகிறது, கேமரா மெல்லக் கீழே இறங்கி, கைப்பேசியில் இலவச இணையம் தேடும் மகனின் முகத்தில் நிற்கிறது. கடைசியில், பணம் சம்பாதித்து அந்தப் பெரிய வீட்டை வாங்கித் தந்தையைப் பதுங்கறையிலிருந்து மேலே கொண்டுவருவேன் என்று மகன் கடிதம் எழுதுகிறான். அது நடப்பதையும் படம் நமக்குக் காட்டுகிறது. வெயில், புல்வெளி, படியேறி வரும் தந்தை. பிறகு அதே சன்னல், அதே காலுறைகள், வெளியே இரவும் பனியும். கேமரா அதே வேகத்தில் கீழே இறங்கி அதே முகத்தில் நிற்கிறது. சராசரிச் சம்பளத்தைச் சேமித்து அவன் அந்த வீட்டை வாங்க எவ்வளவு காலம் ஆகும் என்று படக்குழுவினர் கணக்குப் போட்டுப் பார்த்ததாகப் போங் ஜூன்-ஹோ பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஐந்நூறு ஆண்டுகளுக்கும் மேல் என்று விடை வந்ததாம்.